பெட்டி புறப்பட்ட புதன்கிழமை

மூணு விசில் வந்ததும் அணைச்சுடு என்று சொல்லிவிட்டுப் பத்மாசனி மாமி மாடிக்குப் போய்விட்டாள். மொட்டை மாடியில் சுண்டைக்காய் வற்றல் காய்கிறது, திருப்பிப் போட வேண்டும், அணில் தொல்லை வேறு. கார்குழலி வந்தது புளியோதரை டப்பாவைத் திருப்பிக் கொடுக்க. கொடுத்த கையோடு திரும்பியிருந்தால் ஒன்றுமில்லை, பக்கத்து வீடுதானே, இரண்டு கேட்டுக்கும் நடுவே பத்தொன்பது காலடி, சின்ன வயதில் எண்ணி வைத்தது, இந்நேரம் ஆய்வேட்டின் இரண்டாம் இயலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். ஆனால் மாமி ஸ்டூலை இழுத்துப் போட்டாள், இவள் உட்கார்ந்தாள், உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே சாமி அறை, கதவு ஒருக்களித்துக் கிடக்கிறது, உள்ளே கோலப் பலகைக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது அப்பாவின் பெட்டி. அப்பாவின் பெட்டிதானா. அரக்கு நிறத்தில் ஊரில் ஆயிரம் பெட்டி இருக்கும் என்று ஒரு வாதம் எழுந்தது, எழுந்த வேகத்திலேயே செத்தது, ஏனென்றால் மூடியில் அவள் எட்டாம் வகுப்பில் ஒட்டிய உலக வரைபட ஸ்டிக்கர் இருக்கிறது, ஆஸ்திரேலியா கிழிந்துபோன உலகம், ஆயிரம் பெட்டியிலும் அதே கண்டம் கிழிந்திருக்காது. கைப்பிடியில் மஞ்சள் துணி முடிந்திருந்தது. பரணில் இருக்க வேண்டிய பெட்டி. அப்பா, கூத்தரசன், நடராஜன் என்று பெற்றோர் வைத்த பெயரைப் பதினெட்டு வயதில் தூக்கியெறிந்துவிட்டுக் கூத்தரசன் ஆனவர், ஆலை வாசல் கூட்டங்களில் ராகு காலத்தில் மைக்கைப் பிடித்து ராகு காலத்தையே கிழிகிழியென்று கிழித்தவர், அவருடைய பெட்டி மஞ்சள் துணி கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுச் சாமி அறையில் நிற்கிறது.

அது எதற்கு நிற்கிறது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா சொல்லியிருக்கிறாள். பன்னிரண்டு வயதில் ஒரு விடியற்காலை, பால் பாக்கெட் எடுக்க வந்தவள் பார்த்தாள், அம்மா அப்பாவின் பையை முந்தானையால் மறைத்துக்கொண்டு மாமி வீட்டுக்குள் நுழைகிறாள். அப்பா தில்லி மாநாட்டுக்குப் போக இன்னும் நாலு நாள் இருந்தது. கிளம்புற நாள் நல்லா இல்ல குழலி, அதனால நல்ல நாள்ல பெட்டிய முன்னாடியே வெளிய அனுப்பிடணும், பெட்டி போயிட்டா ஆளு போன மாதிரி, மாமி அதுக்குப் பரஸ்தானம்னு பேரு சொல்றாங்க, அப்பாகிட்ட சொல்லிடாத என்ன. சொல்லிடாத என்றால் சொல்லாமல் இருக்கிற பிள்ளையாக அவளை யாரும் வளர்க்கவில்லை. அன்று மத்தியானம் மேசையில் சொன்னாள், பெருமையாகவே சொன்னாள், பொய்யை அம்பலப்படுத்துகிற பெருமை. அப்பா மூன்றே மூன்று கேள்வி கேட்டார். பெட்டிக்குக் கிழமை தெரியுமா, ரயிலுக்குத் தெரியுமா, நீ அனுப்பாத மத்தவன் பெட்டியெல்லாம் வழியில கவுந்தா போச்சு. அம்மா எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். மேசையின் சட்டம் அது, விவாதத்தில் தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார் அப்பா, ஆளுக்கு ஐந்து நிமிடம், அழக் கூடாது, கத்தக் கூடாது, காரணம் சொல்ல வேண்டும், காரணம் இல்லாதவர் தோற்றவர். இந்த வீட்டில் எந்த முடிவும் மேசையைத் தாண்டாமல் எடுக்கப்படாது என்று வேறு சொல்வார். அண்ணன் அதியமான் கனடாவுக்கு, வான்கூவருக்குப் போனது மேசையில் முடிவானது. அவள் புவியியல் எடுத்தது மேசையில். அம்மாவுக்கு ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதுகூட மேசையில்தான், அன்றைக்கும் அம்மாதான் கழுவினாள்.

முதல் விசில் அடித்தது. ஒன்று என்று உதடு எண்ணியது. எண்ணுவது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. சரி, கொதிக்காமல் வரிசையாகப் பார்ப்போம், நடுவர் அவர்களே. நடுவர் யாரும் இல்லை, சாமி அறைப் பெருமாள் வேண்டுமானால் இருந்துவிட்டுப் போகட்டும். பத்து நாள் விவாதம். வீட்டின் நீண்ட விவாதம் அதுதான். அண்ணன் கூப்பிடுகிறான், வந்துடுங்கப்பா, இங்கயே இருந்துடுங்க என்கிறான், போகலாமா கூடாதா. அவள் கூடாது பக்கம். முதல் வாதமே தூரம். ஒரு விமான தூரக் கணக்குப் பக்கத்தைத் திறந்து அப்பா முன்னால் நீட்டினாள், திருச்சியிலிருந்து வான்கூவர், பதின்மூவாயிரத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், பறக்கும் நேரம் பதினைந்து மணி நாற்பத்தெட்டு நிமிடம். இதப் பாருங்கப்பா, எவ்வளவு நேர்த்தியான பொய்னு. திருச்சிலேர்ந்து வான்கூவருக்கு ஒரே மூச்சுல போற விமானமே கிடையாது. இல்லாத விமானத்த இல்லாத வேகத்துல ஓட்டி, ஏற எறங்க அரை மணி சேத்து, நாற்பத்தெட்டு நிமிஷம்னு நிமிஷக் கணக்கா எழுதி வச்சிருக்கான். அப்பா கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுச் சிரித்தார். அட, நல்லாருக்கே என்றார். துறையிலிருந்து உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நூல் பிடித்துக் காட்டினாள். சுவரில் மாட்டுகிற படத்தில் பார்த்தால் பசிபிக் கடல் மேல் போகிற மாதிரி இருக்கும், உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் இமயமலையைத் தாண்டி, சைபீரியாவைத் தாண்டி, பனிக்கடல் விளிம்பைத் தொட்டு அந்தப் பக்கம் இறங்கும். நூலின் ஒரு முனையைத் திருச்சியில் அப்பாதான் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். அழுத்திய விரலை எடுக்கவே இல்லை. போதும்பா, விடுங்க என்று அவள் சொன்ன பிறகுதான் எடுத்தார். அதை அன்றைக்கு அவள் கவனித்தாள், ஏன் என்று யோசிக்கவில்லை, இப்போது யோசிக்கிறாள், இப்போது யோசித்து என்ன.

மாமியின் கூடத்துச் சுவரில் மாதக் காலண்டர். மாமி வாழ்க்கை முழுவதும் அதில்தான், கேஸ் வந்த நாள், பால்காரன் வராத நாள். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் இருந்தவள், குறித்து வைக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. போன புதன்கிழமைக் கட்டத்தில் நீல மையில், நடராஜன் சார் பெட்டி, ஒன்பது நாற்பது. கூத்தரசன் என்று மாமி ஒரு நாளும் சொன்னதில்லை, எனக்கு வாய்ல நுழையலை சார் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டவள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள், கிடைத்திருக்கிறது. புதன். கார்குழலியின் விரல் கட்டம் கட்டமாக நகர்ந்தது. புதனுக்குப் பிறகு வியாழன், வெள்ளி, சனி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பத்தாவது நாள் விவாதத்தின் கடைசி ஐந்து நிமிடம் முடிந்ததும் அப்பா கடிகாரத்தைக் கையில் மாட்டிக்கொண்டு சொன்னார், ஒத்துக்கறேம்மா, நீ சொல்றதுதான் சரி, போகல. சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். குழம்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே ஏதோ பழைய மேடைப் பேச்சை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவள் ஊஞ்சலில் ஆடிக்கொண்டு அண்ணனுக்கு அப்பா வரல என்று செய்தி அனுப்பினாள். அண்ணன் சரி என்று ஒரு வார்த்தைதான் போட்டான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. பெட்டி நாலு நாள் முன்னாலேயே புறப்பட்டுவிட்டது. பெட்டி போனால் ஆள் போன மாதிரி. அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒத்துக்கறேம்மா என்று சொன்ன ஆள் யார். இல்லாத ஆளோடு அவள் விவாதம் பண்ணியிருக்கிறாள். இல்லாத விமானத்துக்கு நிமிஷக் கணக்குப் போட்டவனைப் பார்த்துச் சிரித்தாளே.

விரல் இன்னும் கீழே போனது. வருகிற வெள்ளிக்கிழமைக் கட்டத்தில், சார் கிளம்பறார். வெள்ளிக்கிழமை அவள் இங்கே இல்லை. வெள்ளியும் சனியும் கோயம்புத்தூரில் கருத்தரங்கம், கட்டுரை வாசிக்க வேண்டும். போகவா வேண்டாமா என்று தள்ளாடிக்கொண்டிருந்தவளிடம், போய்ட்டு வாம்மா, நான் என்ன குழந்தையா, ரசம் வச்சுக்கத் தெரியாதா என்று சொல்லி அப்பாதான் பேருந்துக்குச் சீட்டுப் போட்டுக் கொடுத்தார். சன்னல் பக்கமாகப் பார்த்துப் போட்டிருக்கேன் என்று வேறு சொன்னார். ஒரு மனிதன் பெற்ற மகளுக்குத் தெரியாமல் நாட்டை விட்டுப் போகத் திட்டம் போடுகிறான், போடும்போது அவளுக்கு வாந்தி வரும் என்று சன்னல் சீட்டுப் பார்க்கிறான். எங்கிருந்து சொல்வதாக இருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் விமான நிலையத்திலிருந்தா, சிங்கப்பூரில் இறங்கியா, சைபீரியாவுக்கு மேலே இருக்கும்போதா. போன வருஷம் அவருடைய இடது காலில் ரத்தம் கட்டி, எட்டு நாள் ஆஸ்பத்திரியில் அந்தக் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார். ரொம்ப நேரம் உக்காந்தே இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டது யார். அண்ணன் அழுதான், அதுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் தொலைபேசியில் அழுதான், வேலையும் போய், மனைவியும் பிரிந்து, ஒற்றை அறையில் இருந்துகொண்டு அழுதான், அம்மா செத்தப்பக்கூட வந்து சேர முடியல என்று அழுதான். மேசையில் அழக் கூடாது. ஆனால் அவன் மேசையில் இல்லையே, பதின்மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறான், தூரத்தில் இருப்பவனுக்குச் சட்டம் இல்லை. அழுகைக்கு எதிர்வாதம் கிடையாது. பக்கத்தில் இருக்கிறவள் காரணம் சொல்லிச் சொல்லி நாக்குத் தள்ள வேண்டியதுதான்.

இரண்டாவது விசில். எழுந்து சாமி அறைக்குள் போனாள். அடுத்தவர் பெட்டியைத் திறப்பது தப்பு என்றது ஒரு குரல், அடுத்தவர் யார் என்று கேட்டது இன்னொன்று, அதற்குள் இரண்டு கட்டைவிரலும் பூட்டை அமுக்கிவிட்டன. வேட்டி ஒன்று, சட்டை ஒன்று, மஞ்சள் தடவிய தேங்காய் ஒன்று. அதற்குக் கீழே கோப்பு. கோப்பில் ஒரே தாள், அவளுடைய தாள், விவாதத்துக்காக அவள் கைப்பட எழுதி அப்பாவிடம் ஒரு பிரதி கொடுத்தது, நாலு வாதம், ஒன்றின் கீழ் ஒன்று. ஓரமெல்லாம் அப்பாவின் பென்சில் எழுத்து. அவருக்கு மேடைக் குறிப்பு எழுதுகிற பழக்கம், எறும்பு ஊர்கிற மாதிரி எழுதுவார். கால் பற்றிய வாதத்துக்கு நேரே, டாக்டரைப் பார்த்தாயிற்று, காலுறை, மாத்திரை, மணிக்கொரு தரம் நடை, போகலாம் என்றார். அந்த ஊர்க் குளிர் பற்றியதற்கு நேரே, முப்பது வருஷம் உலைப் பக்கம் வெந்தவனுக்குக் கொஞ்சம் குளிரட்டும். கார்குழலிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வந்திருந்தால் அதையும் மன்னித்திருக்க மாட்டாள். இவ்வளவு பதில் கையில் வைத்துக்கொண்டு மேசையில் ஏன் ஒன்றுகூடச் சொல்லவில்லை. கண் பயண நேர வாதத்துக்கு வந்தது, அவளுடைய பிரம்மாஸ்திரம், வழியில் இரண்டு ஊரில் காத்திருப்பது சேர்த்து இருபத்தாறு மணி பத்து நிமிடம், அதோடு இரண்டு ஊர்க் கடிகாரத்துக்கும் வித்தியாசம் பன்னிரண்டரை மணி, ஆக முப்பத்தெட்டு மணி நாற்பது நிமிடம், இந்தக் காலோடு முப்பத்தெட்டு மணியா அப்பா என்று கேட்டு மேசையைத் தட்டியது. பென்சில் எழுதியிருந்தது, 26.10இலேயே எல்லாம் அடங்கிவிட்டது, 12½ஐக் கூட்டியது பிழை. அதற்குப் பக்கத்தில், அடிக்கோடிட்டு, சொல்ல வேண்டாம்.

சொல்ல வேண்டாம். மூன்றாவது விசில் அடித்தது, காதில் விழுந்தது, கை அடுப்புப் பக்கம் போகவில்லை. பிழைதான். பார்த்தவுடனே தெரிகிறது, முதலாண்டுப் பிள்ளை இப்படிக் கூட்டியிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பாள், கோபத்தில் கூட்டியது, ஜெயிக்கிற வெறியில் கூட்டியது, கடிகார வித்தியாசம் எப்படிப் பயண நேரமாகும். அது வலிக்கவில்லை, வலித்தது அடிக்கோடு. அம்மா போன இந்த இரண்டு வருஷத்தில் மேசையில் அவள் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. அடுக்கடுக்காக ஜெயித்தாள், ஆய்வுத் தலைப்பு விவாதம், மோட்டார் மாற்றுகிற விவாதம், சின்னதும் பெரிசுமாக எத்தனை, ஆலை வாசலில் ஆயிரம் பேரைக் கட்டிப்போட்ட மனிதரை ஒற்றை ஆளாக மடக்கிவிட்டதாகத் துறையில் போய்ப் பீற்றிக்கொண்டாள். அத்தனை நாளும் பாத்திரம் கழுவினது அப்பா. வேண்டுமென்றே தோற்றிருக்கிறார். அம்மா கழுவிய பாத்திரத்துக்கெல்லாம் சேர்த்து இவர் தோற்றுக் கழுவியிருக்கிறார், அதற்கு அவள் வாதம் ஒரு சாக்கு, அவள் கெட்டிக்காரத்தனம் ஒரு சாக்கு. அம்மாவையாவது உண்மையாகத் தோற்கடித்தார். அவளை அதற்குக்கூட லாயக்கில்லை என்று விட்டார். இப்போது எந்த வெற்றியை எடுத்துப் பார்த்தாலும் அதன் ஓரத்தில் பென்சிலில் ஏதோ எழுதியிருக்கிறது. தாளின் அடியில் நாலாவது வாதம். நான் ஆய்வை முடிக்கிற வரை எங்கும் போக மாட்டேன் என்று சொன்னீர்கள், அம்மாவை எடுத்த அன்று, வாசலில் நின்று. அதற்கு நேரே ஒன்றுமில்லை. ஒரே ஒரு புள்ளி. பென்சிலை அங்கேயே ஊன்றி ஊன்றித் தாள் ஓட்டையாகப் போகிற அளவுக்கு ஒரு புள்ளி.

பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டாள். அவளுக்குத் தெரியும், மாமி அம்மாவிடம் சொல்லக் கேட்டிருக்கிறாள், வெளியே போன பெட்டி ஆள் கிளம்பும் முன் திரும்ப வீட்டுக்குள் நுழையக் கூடாது, நுழைந்தால் பயணம் கெட்டுப்போகும். சரி, கெடட்டும். நீங்கள் நம்புகிறீர்கள்தானே, நம்பித்தானே மஞ்சள் துணி கட்டினீர்கள், பத்து நாள் காரணம் சொல்லி ஆகாதது பத்தொன்பது காலடியில் ஆகட்டும். நான் நம்பவில்லை, அதனால் எனக்கு இது வெறும் பெட்டி, வெறும் பெட்டியை வீட்டுக்குக் கொண்டு போவதில் என்ன தப்பு. கூடத்தைத் தாண்டினாள், கேட்டைத் தாண்டினாள், ஒன்று, இரண்டு, வெயில் சுள்ளென்று அடித்தது, தலைக்கு மேலே விமானம் ஒன்று சக்கரம் தெரிகிற தாழ்வில் போனது, ஆறு, ஏழு, மொட்டை மாடியிலிருந்து மாமியின் குரல் விழுந்தது.

"அடியே குழலி, விசில் போயிண்டே இருக்கு... அத எங்கடி தூக்கிண்டு போற?"

"எங்க வீட்டுப் பெட்டி மாமி."

"ஐயோ, ஆத்துக்குள்ள கொண்டு போகாதே. உங்கம்மா அத்தன வருஷமும் வெச்சா, ஒரு தரம்கூடத் திரும்பி எடுத்ததில்ல."

"அத்தன வருஷமுமா?"

"கடைசி வரைக்கும். வாய் ஓயாம சண்ட போடுவாரே, அவருக்கும்தான் தெரியுமே. தெரியாத மாதிரி இருந்தார்."

ஒன்பது, பத்து. அவர்கள் வீட்டுக் கேட்டில் அப்பா நின்றிருந்தார். கைலியை முழங்காலுக்கு மடித்துக் கட்டியிருந்தார், இடது காலில் தோல் நிறக் காலுறை, முழங்கால் வரைக்கும் இறுக்கிப் பிடித்தபடி, இந்த வெயிலில். அதெல்லாம் யாரு போடுவான் என்று மேசையில் சொன்ன காலுறை. போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார். அவர் பார்வை பெட்டியில் இருந்தது, முகத்தில் ரத்தம் இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்றுதான் அந்த முகத்தை அவள் பார்த்திருக்கிறாள்.

"உள்ள கொண்டு வராத, குழலி."

"ஏன்?"

"வேணாம்மா."

"காரணம் சொல்லுங்கப்பா. ஒரே ஒரு காரணம் சொல்லுங்க, ஏத்துக்கறேன்."

"காரணம் ஒண்ணும் இல்ல."

அந்த வீட்டில் யாரும் சொல்லாத வாக்கியம் அது. பெட்டியைத் தெருவிலேயே நிறுத்தினாள். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கிழிந்த ஆஸ்திரேலியாவின் மேல் வைத்தாள்.

"பன்னண்டரையக் கூட்டினது தப்புன்னு ஞாயித்துக்கெழமையே சொல்லியிருக்கலாம்ல?"

அப்பா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சொல்லியிருந்தா நீ தோத்திருப்ப."

"தோத்தா பாத்திரம் கழுவியிருப்பேன். அவ்வளவுதானேப்பா."

கம்பியில் பெயர்ந்திருந்த பெயின்டை அவர் நகத்தால் சுரண்டினார்.

"நாலாவதுக்குப் பதில் எழுதல. அஞ்சு நிமிஷம் இருக்கு, சொல்லுங்க."

முதல் நிமிடம் போயிற்று. மாமி வீட்டில் குக்கர் அலறி அடங்கியது. ஒரு ஸ்கூட்டர் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. அப்பா வாயைத் திறந்தார், மூடினார். அவள் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அது அவர் முகத்தைப் பார்ப்பதைவிடச் சுலபமாக இருந்தது. எதையாவது சொல்லுங்கள், மட்டமான காரணமாக இருந்தாலும் சரி, அடித்து நொறுக்கிவிடுகிறேன், அண்ணன் அழுதான் என்றாவது சொல்லுங்கள். மூன்று நிமிடம். நாலு.

"தோத்துட்டேம்மா" என்றார் அப்பா. திரும்பி, காலுறை போட்ட காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து வைத்து உள்ளே போனார். சற்று நேரத்தில் அடுக்களைக் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, காலைப் பாத்திரங்கள் தொட்டியில் உருள்கிற சத்தம். இந்த முறை உண்மையாகத் தோற்றிருந்தார். உண்மையான வெற்றி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது, அது வெயிலில் நடுத்தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகவே இருந்தது, சார் கிளம்பறார். இன்னும் ஒன்பது காலடி. கொண்டு போய் வைத்தால் அவர் போக மாட்டார், அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது, காரணத்தால் நிறுத்த முடியாதவரை ஒரு தேங்காயால் நிறுத்திவிடலாம். நிறுத்தினால் அது கள்ள ஓட்டு. அதையும் அப்பாதான் சொல்லிக் கொடுத்துத் தொலைத்திருந்தார். கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, பெட்டியைத் திறந்து, தாளை மட்டும் உருவி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். சாமி அறையில் கோலப் பலகைக்குப் பக்கத்தில், முன்பு எப்படி நின்றதோ அப்படியே, உலகம் சுவரைப் பார்க்காமல் வெளியே தெரிகிற மாதிரி நிறுத்தினாள். தூக்கியதில் தளர்ந்திருந்த மஞ்சள் துணியை இறுக்கி முடிந்தாள்.

மாமி மூச்சு வாங்க இறங்கி வந்தபோது அவள் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தாள். சமையலறை முழுக்கச் சாதம் தீய்ந்த வாடை.

"எத்தன விசில்டி போச்சு?"

"எண்ணல மாமி" என்றாள் கார்குழலி.